மார்க்கண்டரின் காரிலிருந்து இறங்கியவர்கள்

மார்கழி பிறந்து மூன்றாம் நாள், விடியப் பிடித்த மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த காலை ஒன்பது மணிக்கு, மணல் ஏற்றிவந்த ரிப்பர் லொறி ஒன்று மார்க்கண்டரின் ஒஸ்ரின் காரை எங்கள் வீடுகளுக்குப் போகிற ஒரே ஒழுங்கையின் வாசலில் வைத்து மூக்கில் அடித்து, ஒரு சுற்றுச் சுழற்றி, ஒழுங்கைக்குக் குறுக்கே படலை போட்டதுபோல நிறுத்தியது. மத்தியானம் அதைத் தூக்க யாழ்ப்பாணத்திலிருந்து பாரந்தூக்கி லொறி வந்து, கொக்கியை மாட்டிச் சங்கிலியை இழுத்தபோது, கார் இருந்த இடத்தில் இருக்க, லொறி தன் சொந்த முன்சில்லுகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. லொறிக்காரன் இறங்கி வந்து காருக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு குடை, ஒரு துவாய், கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையார்.

"இதுக்குள்ளை என்னத்தை ஏத்தி வைச்சிருக்கிறியள்?" என்று எங்களைக் கேட்டான்.

ஐம்பத்திரண்டு வருசமாக ஊரைச் சுமந்த கார் பாரமாக இல்லாமல் பஞ்சுப்பொதியாகவா இருக்கும் என்று சங்கக்கடை அருளம்பலத்தார் திருப்பிக் கேட்டார். அது எங்கள் எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. லொறிக்காரனுக்கு மட்டும் படவில்லை. அவன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டான்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டாம் ஆண்டு, மார்க்கண்டருக்கு இருபத்திரண்டு வயதாக இருக்கும்போது, மலைநாட்டில் ஒரு தோட்டத்து டொக்டரிடம் வாங்கி, ஒன்றரை நாள் ஓட்டிக்கொண்டு வந்து ஊர்ப் பிள்ளையாரின் முன்னால் நிறுத்தித் தேங்காய் உடைத்த கார் அது, முருங்கையிலைப் பச்சை நிறம், ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அதே பச்சையைத் தேடிப்பிடித்துப் பூசுவார். ஊரில் பிரசவம் என்றால் அந்தக் கார், கலியாணம் என்றால் அந்தக் கார், கொழும்பு ரயிலுக்கு அந்தக் கார், செத்தவீட்டுக்கு ஐயரைக் கூட்டிவர அந்தக் கார், சண்டைக் காலத்தில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காதபோது மைப்போத்தல் அளவு பெற்றோலில் ஸ்ராட் செய்து பிறகு மண்ணெண்ணெயில் ஊர் முழுக்கப் புகை விட்டுக்கொண்டு இருமி இருமி ஓடிய கார், தொண்ணூற்றைந்தாம் ஆண்டு எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது பதினாலு பேரையும் ஒரு தையல் மெசினையும் ஏற்றிக்கொண்டு மழையில் எறும்பாக ஊர்ந்த கார். நானும் அதற்குள்தான் பிறந்தேன். எழுபத்தெட்டாம் ஆண்டு, சந்தி தாண்ட முன்னமே அவசரப்பட்டுவிட்டேன் என்று அம்மா சொல்வார். நகுலேஸ்வரி என்ற பெயரை வைத்ததோடு சரி, ஊருக்கு நான் கார்ப்பிள்ளைதான். ரீச்சர் வேலை கிடைத்த பிறகுகூட முதுகுக்குப் பின்னால் கார்ப்பிள்ளை ரீச்சர் என்றுதான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

மார்க்கண்டருக்குத் தோளெலும்பு வெடித்திருந்தது. அடிபட்டு மூன்றாம் நாள் வலது கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஆசுப்பத்திரியிலிருந்து வந்தார். வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை, நேரே காரடிக்கு வந்தார். முப்பது வருசமாக அந்தக் காரைத் திருத்திவந்த கராஜ் யோகன் அதன் கீழே படுத்திருந்தான்.

"என்ன யோகன், தப்புமோ?"

யோகன் வெளியே வந்து கையைத் துடைத்தான், துடைத்த கையாலேயே கண்ணையும் துடைத்தான். "இல்லை அண்ணை. சேசிஸ் வளைஞ்சுபோச்சு, எஞ்சின் வெடிச்சிட்டுது. இனி இது ஓடாது."

மார்க்கண்டர் இடது கையால் கதவைத் திறந்து, றைவர் சீற்றில் ஏறி, ஓடப்போகிறவர்போல முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்றிலிருந்து காலைத் தேத்தண்ணி குடித்ததும் அங்கே வந்து ஏறுவார், விளக்கு வைக்கிற நேரம்தான் இறங்குவார். பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் மார்க்கண்டரின் காரை எப்போது எடுக்கலாம் என்று இரண்டுதரம் வந்து கேட்டார். அவரைப் பார்த்தால் மட்டும் மார்க்கண்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அவருடைய மனைவி பரிமளம் மாமிக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளை போனபோதும் இப்பிடி ஒரு இடத்திலை குந்தியிருந்து அழாத மனிசன், இப்ப இரும்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்குது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவர்களுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். இளையவன் சுதன், லண்டனில் இருக்கிறான். மூத்தவள் தமயந்தி, தொண்ணூற்றோராம் ஆண்டு ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது சுதன் நாலு மாதக் கைக்குழந்தை, அவனுக்கும் காய்ச்சல், அதனால் மாமி வீட்டில் நிற்க மார்க்கண்டர் தனியாகத்தான் பிள்ளையைப் பின் சீற்றில் படுக்கவைத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே நேசம்மா என்று வாட்டில் தாதியாக நின்ற ஒரு மிசி பிள்ளையைத் தன் மடியில் சாய்த்துப் பார்லித் தண்ணீர் பருக்கினார் என்பதும், பிள்ளை 'எனக்கு நோகேல்லை எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ' என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்பதும் எங்கள் ஒழுங்கைக்கே மனப்பாடம். மாமி அதைச் சொல்லும்போதெல்லாம் அந்த மிசி இருக்கும் திசைக்குக் கையெடுத்துக் கும்பிடுவார்.

கார் மெதுவாகத் தாழத் தொடங்கியது. மழையில் ஊறிய மண்ணில் முதல் வாரம் ரயர் பாதி புதைந்தது, இரண்டாம் வாரம் சில்லின் நடுக்குமிழ் மண்ணைத் தொட்டது. ஒழுங்கைக்குள் இருந்த பதினேழு வீட்டுக்காரரும் அதற்கு ஏற்றபடி வாழப் பழகினோம். சைக்கிள்காரர் காரின் மூக்குப் பக்கம் வேலியை ஒரு முழம் வெட்டிப் போனார்கள், மீன்காரர் ஒழுங்கைக்குள் வராமல் காரின் முதுகில் பெட்டியை வைத்து அங்கேயே வெட்டிக் கொடுத்தார், வெயில் எறித்த நாட்களில் யாரோ அதன் கூரையில் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப் போட்டார்கள். உள்ளே மார்க்கண்டர் இருக்கிறார், மேலே ஒடியல் காய்கிறது, அவருக்கும் அதில் கோபமில்லை. இப்படியே விட்டிருந்தால் நாங்கள் நூறு வருசத்துக்கும் அப்படியே இருந்திருப்போம், எங்கள் சுபாவம் அது.

ஆனால் தை பத்தாம் தேதி ஒழுங்கைக் கடைசி வீட்டுத் தவமணியின் மகளுக்குக் கலியாணம். எங்கள் ஊரில் மாப்பிள்ளை காரில் வந்து பெண்வீட்டுப் படலையில்தான் இறங்க வேண்டும், தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிப்போவான்.

"அடிபட்ட காரைச் சுத்திக்கொண்டு மாப்பிள்ளை நடந்து வாறதோ?" என்று தவமணி என்னிடம் அழுதாள். "மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் எண்டு நாளைத் தள்ளிப்போடுவினம், ரீச்சர். ரெண்டுதரம் தள்ளிப்போன கலியாணம் இது."

அவள் அழுத அதே வாரம்தான் வழி தெரிந்தது. சங்கக்கடை மனேச்சராக இருந்து பென்சன் எடுத்த அருளம்பலத்தார் ஒரு காலை பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது மழை வந்தது, மழைக்கு ஒதுங்கிக் காரின் பின் சீற்றில் ஏறி இருந்தார், சும்மா இருக்க வாய் விடாதவர் என்பதால் எழுபத்தைந்தாம் ஆண்டு தான் மாப்பிள்ளையாக இதே சீற்றில் இருந்து போன கதையை மார்க்கண்டருக்குச் சொன்னார். தலைப்பாகை கூரையில் முட்டியதைச் சொன்னார், தோழன் வழியில் கள்ளுக்கொட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதைச் சொன்னார், கடைசியில், "படலையடியிலை நிப்பாட்டினாய், மேளம் அடிச்சினம், நான் வந்து சேர்ந்திட்டன்" என்று முடித்துவிட்டு, பஸ் வந்ததால் இறங்கிக் கதவைச் சாத்தினார். கார் 'உஸ்' என்று மூச்சு விட்டு ஒரு பக்கம் இரண்டு விரற்கடை மேலே எழுந்தது. அருளம்பலத்தார் பஸ்ஸை விட்டுவிட்டார்.

பிள்ளையார் கோயில் சிவராசக் குருக்கள் வந்து பார்த்துவிட்டுச் சொன்ன விளக்கம்தான் இன்றைக்கும் ஊரில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற விளக்கம். "எங்கடை ஆக்கள் காராலை இறங்கேக்கை என்ன சொல்லுறவை? 'போட்டு வாறன் மார்க்கண்டு' எண்டுதானே. ஒருத்தராவது 'போறன்' எண்டு சொல்லியிருப்பினமோ? சொல்லவும் கூடாது. இது வாயில்லாச் சீவன், நீங்கள் சொன்னதை நம்பியிருக்கு. திரும்பி வருவினம், வருவினம் எண்டு அம்பத்திரண்டு வருசமா ஏறின எல்லாருக்கும் இடம் பிடிச்சுக்கொண்டு நிக்குது. பாரம் இராதே?"

அப்படியென்றால் இப்போது எல்லோரும் வந்து 'போறன்' என்று சொல்ல வேண்டுமா என்று பெண்கள் பயந்தார்கள். கலியாணம் வைத்த ஒழுங்கையில் யார் வாயால் அந்தச் சொல் வரும். குருக்கள் யோசித்தார். "அது வேண்டாம். அருளம்பலம் சொன்னமாதிரி, 'வந்து சேர்ந்திட்டன்' எண்டு சொல்லுங்கோ. போறதைச் சொல்லாமல் விடைபெற வேறை வழியில்லை."

அதன் பிறகு நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் குளித்து, வெளுத்த உடுப்பு உடுத்து, வரிசையில் வந்து, மார்க்கண்டருக்குப் பின்னால் ஏறியிருந்து, தாங்கள் போன பயணத்தைச் சொல்லி, 'வந்து சேர்ந்திட்டன்' என்று இறங்கிக் கதவைச் சாத்தினார்கள், ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் கார் ஒரு நூல் எழும்பியது. மார்க்கண்டர் ஒவ்வொருவருக்கும் தலையை மட்டும் ஆட்டுவார், சில இடங்களில் திருத்துவார். "அண்டைக்கு மழையில்லை, நல்ல வெயில். உங்கடை கொம்மா கிடுகு ஒண்டு தலையிலை பிடிச்சுக்கொண்டு வந்து ஏறினவ." செத்துப்போனவர்களுக்காகப் பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள், அதையும் கார் ஏற்றுக்கொண்டது. ஒரே மாதிரிக் கண்ணாடி வைத்த கிழவிகள் இரண்டு பேர், எண்பத்திரண்டில் சினிமா பார்க்கப் போகிறபோது யார் சன்னல் பக்கம் இருந்தது என்று பழைய சண்டையைப் புதுப்பித்து, இறங்க மறுத்து, பிறகு இரண்டு பக்கக் கதவாலும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள்.

எழுபத்தொன்பதில் இதே காரின் பின்பெட்டிக்குள் கட்டிக் கொண்டுவந்த வேள்விக் கிடாய்க்காக யார் இறங்குவது என்று அரை நாள் வாதம் நடந்தது. ஆடு 'போட்டு வாறன்' என்று சொல்லியிருக்காது என்பது ஒரு கட்சி. கத்தினதே, அது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்பது மற்றக் கட்சி. கடைசியில் கராஜ் யோகனின் தகப்பன் ஏறியிருந்து, வயிற்றைத் தடவி, "அது எங்கை வந்து சேர்ந்தது எண்டு எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கார் நாலு விரற்கடை எழுந்தது, நல்ல கிடாய்தான்.

நானும் ஏறினேன். நீலச் சேலை உடுத்து ஏறி, பிறந்த கதையைச் சொல்லி, வந்து சேர்ந்துவிட்டேன் என்று இறங்கிக் கதவைச் சாத்தினேன். கார் அசையவில்லை. யோகன் தலையைச் சொறிந்து, "ரீச்சர், நீங்கள் ஏறாமலே இறங்கின ஆள். உங்களுக்கு இதிலை பாரம் இல்லை" என்றான். எனக்கு அது கவலையாக இருந்தது, இன்றைக்கும் கவலைதான்.

ஊரில் ஏறியவர்களில் பாதிப்பேர் இப்போது ஊரில் இல்லை. அவர்களை என் கைபேசியில் இறக்கினோம். பின் சீற்றில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவில் முகம் வந்ததும் அவர்கள் கதையைச் சொல்ல, நான் போனை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்துவேன். பாரிசிலிருந்து இறங்கினார்கள், ஒஸ்லோவிலிருந்து இறங்கினார்கள், சுதன் லண்டனிலிருந்து இறங்கும்போது, "அப்பா, ஒரு புதுக்கார் வாங்கித் தாறன்" என்றான். மார்க்கண்டர், "நீ உன்ரை அலுவலைப் பார் தம்பி" என்றார்.

ரொறன்ரோவில் இருந்த குகன் மட்டும் இறங்கக் கஷ்டப்பட்டான். எண்பத்தாறில் பத்தொன்பது வயதில் கொழும்பு ரயிலுக்கு இந்தக் காரில் போனவன், அதன் பிறகு ஊருக்கு வரவேயில்லை. அங்கே அவனும் ஒரு காருக்குள்தான் இருந்தான், வெளியே பனி கொட்டியது. "ரீச்சர், சீற்றைக் காட்டுங்கோ" என்றான். காட்டினேன். "அம்மா கட்டித் தந்த இடியப்பப் பொதி மடியிலை சுட்டது. பின்னாலை திரும்பிப் பார்த்தால் அழுவன் எண்டு பார்க்கேல்லை" என்றான். பிறகு தன் காரின் கண்ணாடியில் விழுந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குகன், சொல்லன்" என்று அருளம்பலத்தார் வெளியிலிருந்து சொன்னார்.

"எப்பிடி ரீச்சர் சொல்லுறது? நான் இன்னும் வந்து சேரேல்லையே. இப்பவும் ஸ்ரேசனுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறமாதிரிக் கிடக்கு."

அப்போது அவனுடைய பக்கத்தில் ஒரு வீட்டுக் கதவு திறந்து, அவன் மனைவியின் குரல் கேட்டது. "ஏனப்பா வாசலிலை காரை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கையே இருக்கிறியள்? வந்து சேர்ந்திட்டியள்தானே, இறங்குங்கோவன்." குகன் சிரித்தான், சிரித்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "ஓம்" என்றான், "வந்து சேர்ந்திட்டன்." நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன், கார் ஒரு சாண் எழுந்தது.

இப்படித் தை ஒன்பதாம் தேதி காலைக்குள் ஏறியவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். புதைந்திருந்த சில்லுகள் நாலும் மண்ணுக்கு மேலே வந்துவிட்டன, பெண்கள் அவற்றைக் கழுவியும் விட்டார்கள். கார் அடிபட்ட மூக்கோடு, ஆனாலும் நிமிர்ந்து, பழைய உயரத்தில் நின்றது. அதற்குள் இருந்தது மார்க்கண்டர் ஒருவர்தான்.

தவமணி வந்து காரின் சன்னலடியில் நின்றாள். "அண்ணை, நாளைக்குக் கலியாணம். நீங்களும் இறங்கினால் பெடியள் தள்ளிவிட்டிடுவாங்கள்."

"எல்லாரையும் இறக்கிப்போட்டுத்தான் றைவர் இறங்கிறது" என்றார் மார்க்கண்டர்.

"எல்லாரும் இறங்கியாச்சு அண்ணை."

அவர் பின் சீற்றைப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை ஒருதரம் பார்த்தார். தவமணியின் முகத்தையும் பார்த்தார். பிறகு தோளெலும்பு நோக மெதுவாக இறங்கி, "வந்து சேர்ந்திட்டன்" என்று காருக்கு அல்ல, மண்ணுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அவருடைய பக்கம் கார் எழுந்தது. ஐம்பத்திரண்டு வருசத்துக்கு அந்தக் கதவுச் சத்தம் ஒரு சின்னச் சத்தம்தான். இருபத்தாறு ஆண்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

கார் அசையவில்லை. யோகன் குனிந்து பார்த்தான். மூன்று பக்கமும் வில்லுத்தகடு தளர்ந்து கிடக்க, பின் இடது பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை அமுங்கியிருந்தது. அவன் அந்தக் கதவைத் திறந்தான். பின் சீற்றில், இடது கரையில் தலை வைத்து, காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்த ஒரு சின்னப் பிள்ளையின் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அத்தனை பேர் இருந்து எழும்பும்போது தெரியாத பள்ளம், எல்லோரும் இறங்கிய பிறகு தெரிந்தது. ஊரே ஏறியிருந்த பாரத்தை இறக்கினோம், அந்தச் சின்னப் பாரத்தை எங்களால் அசைக்க முடியவில்லை. அருளம்பலத்தார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பரிமளம் மாமி மார்க்கண்டருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். கூட்டம் விலகியது. மாமி திறந்திருந்த கதவால் பார்த்தார், பார்த்தபடியே கேட்டார்:

"இஞ்சருங்கோ. இது ஆர்?"

மார்க்கண்டர் தரையைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேட்கிறன். தமயந்தி ஆசுப்பத்திரியிலை இறங்கினவள்தானே? மிசி மடியிலை வைச்சுத் தண்ணி பருக்கினவ எண்டு சொன்னனீங்கள். பிறகு ஏன் இவள் இஞ்சை படுத்திருக்கிறாள்?"

"மிசி ஒருத்தரும் இல்லைப் பரிமளம்" என்றார் மார்க்கண்டர். அவருடைய குரல் எங்களுக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது. "ஆசுப்பத்திரி வாசலிலை நான் கதவைத் திறக்கேக்கை எல்லாம் முடிஞ்சுது. அங்கை தூக்கினது உடம்பைத்தான்."

"எங்கை முடிஞ்சுது?"

"தெரியேல்லை. அதுதான் எனக்குத் தெரியேல்லை. மூண்டு நாள் கண் மூடாத பிள்ளையெல்லே, உமக்குத் தெரியும்தானே, நோவிலை அனுங்கிக்கொண்டே கிடந்தவள். வாசிகசாலையைத் தாண்டினாப்போலை அனுக்கம் நிண்டிட்டுது. கண்ணாடியிலை பார்த்தன். வாயைத் திறந்துகொண்டு வடிவா நித்திரை. எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு நினைக்கிறீர்? பள்ளத்திலை குலுக்கினால் எழும்பிப்போடுவாள் எண்டு, சைக்கிள் போற வேகத்திலை விட்டனான். மெல்ல மெல்ல விட்டனான் பரிமளம். ஓடியிருந்தால்..."

மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் காரின் கூரையில் வைத்தார். மாமியின் முகத்தை எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை, கோபம் என்றால் கோபம்தான், ஆனால் யார்மேல் என்று அதற்கே தெரியாத கோபம்.

"முப்பத்து மூண்டு வருசம்" என்றார். "ஒவ்வொரு திவசத்துக்கும் நேசம்மா மிசிக்கு எண்டு பயத்தம் பணியாரம் சுட்டு, ரின்னிலை போட்டு உங்கடை கையிலை தந்துவிட்டனான். அதை என்ன செய்தனீங்கள்?"

"அந்த வாட்டிலை நிக்கிற மிசி ஆரெண்டாலும் அவவிட்டைக் குடுத்தனான். ஒருநாளும் வெளியிலை எறியேல்லை."

"நோகேல்லை எண்டு சொல்லச் சொன்னவள் எண்டது?"

"அதுவும் பொய்தான்."

மாமி நல்ல கைப்பக்கம் அவருடைய தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. தவமணி கலியாணத்தை மறந்து தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

பிறகு மாமி சட்டையை விட்டுவிட்டுக் கேட்டார். "வடிவா நித்திரை கொண்டவளோ?"

"ஓம். அது சத்தியம்."

மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கதவடியில் போய்க் குனிந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை எழுப்புகிற குரலில், "தமா, எழும்பு பிள்ளை. வீட்டை வந்திட்டம்" என்றார். கொஞ்சம் பொறுத்தார். இன்னொருதரம் கூப்பிட வாயெடுத்தவர் கூப்பிடவில்லை. நித்திரை மயக்கத்தில் இவள் நடக்கமாட்டாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, கழுத்துக்குக் கீழே ஒன்றும் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமாகக் கொடுத்துத் தூக்கினார்.

அவருடைய கைகளில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அறுபத்தெட்டு வயது முதுகு பின்னுக்கு வளைந்தது, இடது தோள் தாழ்ந்து ஒரு தலைக்கு இடம் கொடுத்தது, வைத்த ஒவ்வொரு அடியும் ஈர மண்ணில் ஆழப் பதிந்தது. தூக்கிவிட ஓடிய யோகனை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மாமி வேலி வெட்டிய இடத்தால் மெதுவாகத் திரும்பி, ஒழுங்கைக்குள் நடந்து, தங்கள் வீட்டுப் படலையைக் காலால் தள்ளித் திறந்து, அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

"என்ன நிக்கிறியள்? கார்க் கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ" என்றார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், "மெல்லமாச் சாத்துங்கோ, பிள்ளை எழும்பிப்போடும்."

மார்க்கண்டர் இடது கையால், சத்தம் வராமல், கதவைச் சாத்தினார். அந்தச் சின்னத் தொடுகைக்கே கார் அசைந்து, ஒழுங்கை வாசலை விட்டு உருண்டு, றோட்டோரமாக ஒதுங்கி வழி விட்டது. அவர் அதைத் திரும்பிப் பார்க்காமல் மாமிக்குப் பின்னால் வீட்டுக்குப் போனார்.